பேஸ் ஆம்ப் மாடலரை மேடையில் ஒலிக்கவைப்பது எப்படி? மொரீஷியஸ் இசைக்குழுக்களுக்கான கேள்வி பதில்

ஆம்ப், அதன் ஸ்பீக்கர் பெட்டி, அதற்கு முன்னால் வைத்த மைக் ஆகிய மூன்றும் சேர்ந்து தரும் ஒலியைக் கணக்கிட்டு உருவாக்கும் சிறு பெட்டிதான் டிஜிட்டல் ஆம்ப் மாடலர். கனமான பேஸ் ஆம்பை காரில் ஏற்றிக்கொண்டு கிராண்ட் பேக்கும் ஃபிளிக் ஆன் ஃபிளாக்குக்கும் அலையும் பாடு இதனால் மிச்சம். ஆனால் வீட்டில் தேனாக ஒலித்தது கல்யாணப் பந்தலில் சேறாகிவிடுகிறது என்ற புகார் தொடர்ந்து வருகிறது. பெரும்பாலும் குற்றம் பெட்டியில் இல்லை. அதன் பின்னால் என்ன இருக்கிறது, அது எந்தச் சத்தத்தில் அமைக்கப்பட்டது என்பதில் இருக்கிறது.

வீட்டில் ஹெட்போனில் நன்றாக இருந்த பிரீசெட் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு) மேடையில் ஏன் கெட்டுப்போகிறது?

காதுதான் காரணம். சத்தம் குறைவாக இருக்கும்போது அடி ஒலியும் உச்ச ஒலியும் நம் காதுக்கு மங்கலாகவே கேட்கும். பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். அதனால் இரவில் மெதுவாக வைத்து அமைக்கும்போது கை தானாகவே பேஸையும் டிரெபிளையும் ஏற்றிவிடும், நடு ஒலியைக் குறைத்துவிடும். தனியாகக் கேட்கும்போது அது அழகுதான். மேடையில் 95 டெசிபெலில் அதே பிரீசெட்டைப் போட்டால் அடி ஒலி அரங்கை நிரப்பிக் குழப்பும். விரல் சத்தம் காதைக் குத்தும். எந்த ஸ்வரம் வாசிக்கிறீர்கள் என்பதைக் காட்டும் நடு ஒலி மட்டும் காணாமல் போகும்.

ஒத்திகையில், டிரம்மும் கீபோர்டும் ஒலிக்கும்போது, மேடையில் வாசிக்கப்போகும் சத்தத்திலேயே பிரீசெட்டை அமையுங்கள். ஒத்திகை இடம் கிடைக்காவிட்டால் உள்ளேயே ஆம்ப் உள்ள பவர்டு ஸ்பீக்கரைத் தரையில் வைத்து, பதிவு செய்த ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு, அதோடு வாசித்துப் பாருங்கள். கைபேசியின் டெசிபெல் செயலி துல்லியமில்லை. ஆனாலும் 85-க்கும் 95-க்கும் நடுவில் இருக்கிறோமா என்று பார்க்க அது போதும். தனியாகக் கேட்டு 'கொஞ்சம் முரடாக இருக்கிறதே' என்று தோன்றும் பேஸ், பாட்டுக்குள் போனதும் சரியாக உட்காரும்.

பிரீசெட் அமைப்பதற்கு முன் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

கேபிளின் மறுமுனை எங்கே போகிறது என்பதை. பிஏ (அரங்கத்துக்கான ஒலிபெருக்கி அமைப்பு) மிக்சருக்கோ, எல்லா அலைவரிசையையும் சமமாகத் தரும் பவர்டு ஸ்பீக்கருக்கோ போனால், மாடலரில் ஸ்பீக்கர் பெட்டி மாடல் ஆனில் இருக்க வேண்டும். நிஜ பேஸ் ஆம்புக்குப் போனால் அதை ஆஃப் செய்துவிடுங்கள். ஆம்பில் ஏற்கெனவே நிஜ ஸ்பீக்கர் இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பெட்டி சேர்ந்தால் கம்பளிக்குள் வாசிப்பது போல மழுங்கிப்போகும்.

ஹோட்டலில் கிடைக்கும் ஆம்பின் முன்பக்க இன்புட்டில் செருகுவதும் நல்லதல்ல. அங்கே ஒரு பிரீஆம்ப், அதாவது ஒலியை முதலில் பெருக்கி நிறம் கொடுக்கும் பகுதி, இருக்கிறது. உங்கள் மாடலரும் பிரீஆம்பைப் போலி செய்கிறது. பின்பக்கம் 'எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன்' துளை இருந்தால் அதில் செருகுங்கள். இல்லாவிட்டால் மாடலரில் ஆம்ப் மாடலையும் எடுத்துவிட்டு கம்ப்ரஸரையும் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துவது) டிரைவையும் (கரகரப்பு சேர்ப்பது) மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே இரவில் பிஏவுக்கும் மேடை ஆம்புக்கும் சேர்த்து அனுப்ப வேண்டுமா? ஸ்பீக்கர் மாடலுக்கு முன்பே ஒலியை இரண்டாகப் பிரித்து, மாடலுடன் ஒரு பாதையைப் பிஏவுக்கும், மாடல் இல்லாத பாதையை ஆம்புக்கும் விடுங்கள். ஹெலிக்ஸ், எச்எக்ஸ் ஸ்டாம்ப், குவாட் கார்டெக்ஸ் போன்ற பெட்டிகளில் இது முடியும். விலை குறைந்த பல பெட்டிகளில் முடியாது.

ஐஆர் கோப்பில் 1024, 2048 என்று போட்டிருக்கிறதே, பேஸுக்கு எது?

2048. ஐஆர் என்பது ஸ்பீக்கர் பெட்டியின் ஒலிப்பதிவுக் கைரேகை. 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் அந்தக் கைரேகை 21 மில்லிசெகண்டில் முடிந்துவிடும். திறந்த ஈ கம்பியின் அலைவு 41 ஹெர்ட்ஸ். அதன் ஒரு சுற்றுக்கே 24 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். ஆக 1024-இல் அடி ஒலி பாதியில் வெட்டுப்படும். கிட்டாருக்கு அது பொருட்டல்ல, பேஸுக்குக் கேட்கும். பெட்டியில் கணக்குத் திறன் போதவில்லை என்றால் ரிவர்பையோ கோரஸையோ எடுத்துவிட்டு இதற்கு இடம் கொடுங்கள்.

இன்புட், அவுட்புட் அளவை எப்படி வைப்பது?

இன்புட்டிலிருந்து தொடங்குங்கள். உங்களால் முடிந்த அளவு பலமாக, கட்டைவிரலால் அடித்து வாசியுங்கள். அப்போதும் இன்புட் மீட்டர் உச்சத்துக்கு 6 டெசிபெல் கீழே நிற்க வேண்டும். பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸ், அதிலும் இரண்டு பேட்டரி போட்டு 18 வோல்டில் ஓடுவது, பல பெட்டிகளைத் திணறடிக்கும். உள்ளே வரும் ஒலியைக் குறைக்கும் இன்புட் பேட் வசதி இருந்தால் போடுங்கள். டிஜிட்டலில் உச்சம் தாண்டினால் வரும் சிதைவு, வால்வ் ஆம்ப் தரும் இனிய கரகரப்பு அல்ல. காகிதம் கிழிவது போல இருக்கும்.

பிறகு ஒவ்வொரு பிளாக்காக (மாடலருக்குள் உள்ள ஒவ்வொரு எஃபெக்டும் ஒரு பிளாக்) ஆனும் ஆஃபும் செய்து பாருங்கள். டிரைவ் பிளாக் வேண்டுமென்றே ஏற்றினால் தவிர, ஒலியின் நிறம் மாறலாம், அளவு மாறக் கூடாது. கடைசியில் மாடலரின் வால்யூம் குமிழை முக்கால் பங்கில் வைத்து, மிக்சரில் கெயினைத் திருப்பச் சொல்லுங்கள். மிக்சர் மீட்டர் சராசரியாக உச்சத்துக்கு 18 டெசிபெல் கீழே ஆடினால் சரி.

மிக்சரில் என் சானல் மட்டும் சிவப்பாக எரிகிறது. ஏன்?

எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிளின் மூன்று முள் இணைப்பு) அவுட்புட்டை லைன் அளவில் வைத்துவிட்டு, மறுமுனையை மைக் இன்புட்டில் செருகியிருப்பார்கள். லைன் அளவு மைக் அளவைவிட 30 டெசிபெலுக்கும் மேல் பலமானது. மாடலரின் பொது அமைப்பில் மைக், லைன் என்று ஒரு தேர்வு இருக்கும். மேடைக் கேபிள் பெட்டி வழியாகப் போவதாக இருந்தால் மைக் என்று வையுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு ஆபத்து, பாடகர் மைக்குக்காக மிக்சரில் போடும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர். சிறிய மிக்சர்களில் ஒரே பொத்தானில் எல்லா சானலுக்கும் அது போய்விடும். எக்ஸ்எல்ஆர் துளை உள்ள பெட்டிகள் சில அதைத் தாங்கும். ஆனால் கால் இஞ்சு ஜாக்கிலிருந்து எக்ஸ்எல்ஆருக்கு மாற்றும் கேபிளை நேராகப் போட்டிருந்தால் அந்த வோல்டேஜ் மாடலரின் அவுட்புட்டுக்குள் பாயும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பாசிவ் டிஐ பெட்டி (கருவியின் ஒலியை மிக்சரின் மைக் இன்புட்டுக்கு ஏற்றதாக மாற்றுவது) ஒன்றை நடுவில் போட்டால் இந்தக் கவலையே இல்லை. ஜூம் பி1 ஃபோர் போல எக்ஸ்எல்ஆர் இல்லாத சிறு பெட்டிகளுக்கு டிஐ பெட்டி கட்டாயம் என்றே சொல்வோம்.

ஈக்யூவில் (அலைவு வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது) எங்கே தொடங்குவது?

வெட்டுவதில். ஸ்பீக்கர் மாடலுக்குப் பிறகு ஒரு ஈக்யூ போட்டு, நான்கு கம்பி பேஸுக்கு 40 ஹெர்ட்ஸுக்குக் கீழும், ஐந்து கம்பிக்கு 30-க்குக் கீழும் வெட்டுங்கள். அங்கே இசை இல்லை. கம்பியைக் கை தொடும் அதிர்வுதான் இருக்கிறது. அது ஆம்பின் சக்தியை வீணாகத் தின்னும். மேலே 5 முதல் 6 கிலோஹெர்ட்ஸில் வெட்டுங்கள். நிஜ பேஸ் பெட்டிகள் பலவும் அதற்கு மேல் அதிகம் தருவதில்லை. பிஏவின் உச்ச ஒலி ஹார்ன் அதை அப்படியே துப்புவதால்தான் மாடலர் 'பிளாஸ்டிக்' போல ஒலிக்கிறது என்கிறார்கள்.

உடம்பு 80 முதல் 100 ஹெர்ட்ஸில். குழப்பம் 200 முதல் 300-இல், அங்கே 3 டெசிபெல் குறைத்துப் பாருங்கள். சுரம் தெளிவாகக் கேட்பது 700 முதல் 1000-இல். பேஸ் கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் அடி ஒலியை ஏற்றாதீர்கள், இந்த 800-ஐ 2 அல்லது 3 டெசிபெல் ஏற்றுங்கள். பத்தில் எட்டு முறை அதுவே போதும்.

செகேவுக்கு மட்டும் இது வேறு. ரெகேயும் நம் தீவின் சேகாவும் கலந்த அந்த இசையில் பேஸ் வட்டமாக, ஆழமாக, விளிம்பில்லாமல் இருக்க வேண்டும். மேல் வெட்டை 2 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கி, கழுத்துப் பக்கப் பிக்கப்பை எடுத்து, ஃபிளாட்வுண்ட் கம்பி போட்டால் பாதி வேலை முடிந்தது.

ராவான் அடிக்கும்போது பேஸ் மறைந்துவிடுகிறதே?

இந்தக் கேள்விக்கு வெளிநாட்டு வழிகாட்டிகளில் பதில் கிடைக்காது. ராவான் ஆட்டுத்தோல் போட்ட பெரிய சட்டப்பறை. நெருப்பில் காட்டித்தான் தோலை முறுக்கேற்றுவார்கள். சூடேறிய புதிதில் அதன் ஒலி இறுக்கமாக இருக்கும். பாட்டுகள் போகப்போக, அதிலும் கடற்கரை ஈரக்காற்றில், தோல் தளர்ந்து ஒலி கீழே இறங்கி பேஸின் இடத்துக்குள் வரும். ஒலிச் சோதனையில் சரியாக இருந்தது பத்தாம் பாட்டில் முட்டிக்கொள்வது அதனால்தான். தோலை மறுபடி சூடாக்குவதே முதல் மருந்து. அது முடியாத இடத்தில் பயன்படுத்த, அடி வெட்டை 40-இலிருந்து 60 ஹெர்ட்ஸுக்கு ஏற்றி, 150-ஐ 2 டெசிபெல் கூட்டிய இன்னொரு ஸ்னாப்ஷாட்டை (ஒரே பிரீசெட்டுக்குள் சேமித்த மாற்று அமைப்பு) முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். மாரவான் கிலுகிலுப்பையின் சலசலப்பும் டிரையாங்கிளும் உச்சியில் இருப்பவை, அவற்றோடு பேஸுக்குச் சண்டை இல்லை. விரல் நக ஒலியை மட்டும் ஏற்றி அவற்றின் இடத்துக்குப் போகாதீர்கள்.

கோயில் பஜனையிலும் கல்யாணத்திலும் தவிலோ மிருதங்கமோ இருந்தால் அதன் தொப்பிப் பக்கம் இதே வேலையைச் செய்யும். அங்கே எங்கள் கருத்து இன்னும் கண்டிப்பானது: பேஸ் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். குறைந்த சத்தம், நீண்ட சுரங்கள், டிரைவ் வேண்டாம். நாதஸ்வரம் முழங்கும்போது கை வைக்காமல் இருப்பதே நல்ல வாசிப்பு.

சால் வேர், சிமெண்ட் மண்டபம், கடற்கரை: ஒரே பிரீசெட் போதுமா?

ஒரே பிரீசெட் போதும், கடைசியில் இருக்கும் ஈக்யூ மட்டும் மூன்று. இரும்புக் குழாய் நட்டுத் தார்ப்பாய் கட்டிய சால் வேரில் அடி ஒலி துணி வழியாக வெளியே போய்விடும். கடற்கரையில் திரும்பி வரச் சுவரே இல்லை. இரண்டு இடத்திலும் 80 முதல் 120 ஹெர்ட்ஸை 2 முதல் 3 டெசிபெல் கூட்டலாம்.

சிமெண்ட் மண்டபம் எதிர்மாறானது. தரைக்கும் கூரைக்கும் 3 மீட்டர் இருந்தால், ஒலி வேகமான 343-ஐ 3-இன் இரட்டிப்பால் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ் வரும். அந்த அலைவில் மண்டபமே சேர்ந்து பாடும். திறந்த ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். ஆகவே ஏ மட்டும் குமுறும், மற்ற கம்பிகள் சாதுவாக இருக்கும். மொத்த பேஸையும் குறைப்பது தவறு. ஒலிச் சோதனையில் ஈ கம்பியில் திறந்த சுரத்திலிருந்து பன்னிரண்டாம் கட்டம் வரை ஒவ்வொன்றாக மெதுவாக வாசித்து, எது வீங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த அலைவில் மட்டும் குறுகிய ஈக்யூவால் 4 டெசிபெல் இறக்குங்கள்.

ஹோட்டல் உணவகத்தில் சப்வூஃபர் இல்லாமல் இரண்டு சிறு ஸ்பீக்கர் மட்டும் இருந்தால் 41 ஹெர்ட்ஸை அவற்றிடம் கேட்பதில் பயனில்லை. வெட்டை 70-க்கு ஏற்றி, லேசான டிரைவ் சேருங்கள். மேல் ஹார்மோனிக்குகள் (அடிச் சுரத்தின் மடங்கு அலைவுகள்) தெளிவாகக் கேட்டால் இல்லாத அடிச் சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும்.

கம்ப்ரஸருக்கு எண்கள் சொல்ல முடியுமா?

விகிதம் 4:1, அட்டாக் (அழுத்தத் தொடங்கும் நேரம்) 25 மில்லிசெகண்ட், ரிலீஸ் (விடுவிக்கும் நேரம்) 150. பலமாக அடிக்கும்போது 4 முதல் 6 டெசிபெல் குறைந்தால் போதும். அட்டாக்கை 5-க்குக் கீழே வைத்தால் விரல் படும் அந்த முதல் தட்டு நசுங்கி, சேகாவின் ஆறெட்டு நடையில் பேஸ் தாளத்துக்குப் பின்தங்கியது போலத் தோன்றும்.

டிரைவ் போட்டவுடன் அடி ஒலி காணாமல் போகிறது.

முழு ஒலியையும் சிதைப்பதால். 250 ஹெர்ட்ஸில் பாதையைப் பிரித்து, கீழே உள்ளதைச் சுத்தமாகவும் மேலே உள்ளதை டிரைவ் வழியாகவும் விட்டு மீண்டும் சேருங்கள். பாதை பிரிக்க முடியாத பெட்டியில் டிரைவின் மிக்ஸ் குமிழை 40 சதவீதத்தில் வையுங்கள்.

சவுண்ட் என்ஜினியர் மாடலருக்குள் போகாத நேரடி டிஐ ஒலியும் வேண்டும் என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் சேர்த்துக் கேட்கும்போது எச்சரிக்கை வேண்டும். மாடலர் கணக்குப்போட ஓரிரு மில்லிசெகண்ட் எடுக்கும், நேரடி ஒலி உடனே போய்விடும். 2 மில்லிசெகண்ட் வித்தியாசம் இருந்தால் 250 ஹெர்ட்ஸில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தனித்தனியே நன்றாக இருப்பது, சேர்ந்ததும் மெலிந்துவிடும். டிஜிட்டல் மிக்சராக இருந்தால் நேரடிச் சானலுக்கு அதே அளவு டிலே போடச் சொல்லுங்கள். அனலாக் மிக்சராக இருந்தால் இரண்டில் ஒன்றை மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஒலியலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானை மாற்றிப் பார்ப்பது சில நேரம் உதவும், முழுத் தீர்வு அல்ல.

தாமதம் வாசிப்பைக் கெடுக்குமா என்று அஞ்ச வேண்டாம். 3 மில்லிசெகண்ட் என்பது ஆம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம்.

மேடையில் எனக்கே கேட்கவில்லை. என்ன மானிட்டர் வாங்குவது?

கிட்டார்காரர்களுக்காக விற்கும் சிறிய ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர்கள் பல, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே திணறும். வாங்கும் முன் அது எத்தனை ஹெர்ட்ஸ் வரை இறங்கும், அதுவும் எத்தனை டெசிபெல் குறைவில் என்று பாருங்கள். 'மைனஸ் 10 டெசிபெலில் 45 ஹெர்ட்ஸ்' என்றால் அங்கே ஒலி பெயருக்குத்தான் இருக்கும். 12 இஞ்சு பவர்டு ஸ்பீக்கர் பெரும்பாலான மேடைக்குப் போதும். அதை ஸ்டாண்டில் ஏற்றாமல் தரையில், சுவரை ஒட்டி வையுங்கள். ஒவ்வொரு பரப்பும் அடி ஒலியை 6 டெசிபெல் வரை கூட்டித் தரும். இன்-இயர் போடுபவர்கள் காதை நன்றாக அடைக்கும் முனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடைவெளி இருந்தால் பேஸ் முழுவதும் அதன் வழியே கசிந்துவிடும்.

பாட்டுக்குப் பாட்டு சத்தம் மாறுகிறது.

எல்லாப் பிரீசெட்டையும் ஒரே உட்காரலில், ஒரே ஸ்பீக்கரில், டிரம் லூப் ஓடும்போது சமப்படுத்துங்கள். மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். டிரைவ் ஒலி மீட்டரில் சமமாக இருந்தாலும் காதுக்குப் பலமாகக் கேட்கும். பாட்டின் நடுவில் மாற்ற வேண்டியதைத் தனிப் பிரீசெட்டாக வைக்காமல் ஒரே பிரீசெட்டின் ஸ்னாப்ஷாட்டாக வையுங்கள். பிரீசெட் மாறும்போது பல பெட்டிகளில் ஒரு கணம் ஒலி அறும்.

பாடகர் ஐந்தரைக் கட்டையில் பாடுகிறார். மாடலரிலேயே சுருதி மாற்றலாமா?

ஐந்தரைக் கட்டை என்பது ஜி ஷார்ப். ஈ கம்பியின் நான்காம் கட்டம். கையை நகர்த்தி வாசிப்பதே சிறந்தது. பிட்ச் ஷிஃப்ட் அடிச் சுரங்களில் தாமதத்தையும் நடுக்கத்தையும் தரும். அலைவு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் காத்திருந்துதான் அது கணக்கிட முடியும். அரைக் கட்டை இறக்க வேண்டுமானால் கம்பியையே தளர்த்துங்கள்.

பழைய ஆர்மோனியம் உள்ள பஜனைக் குழுவில் வேறொரு சிக்கல் வரும். அது 440-இல் நிற்காது. மாடலரின் டியூனரில் ஆதார அலைவை 441, 442 என்று மாற்றும் வசதி பெரும்பாலும் உண்டு. ஆர்மோனியத்தின் ஏ சுரத்தைப் பிடிக்கச் சொல்லி, பேஸை அதோடு காதால் சேர்த்து, டியூனர் நடுவில் நிற்கும் எண்ணைக் கண்டுபிடியுங்கள். பிறகு மற்ற கம்பிகளை அந்த எண்ணுக்கே கூட்டுங்கள்.

ஹம் வருகிறது. மின்சாரத்தை நம்பலாமா?

இங்கே மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஹம் தாழ்வான 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் முனகலாக இருந்தால் கிரவுண்ட் லூப். மாடலரும் மிக்சரும் வெவ்வேறு இடத்தில் மின்சாரம் எடுப்பதால் வருவது. டிஐ பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானைப் போடுங்கள். பிளக்கின் எர்த் முள்ளை ஒருபோதும் வெட்டாதீர்கள், மைக்கைத் தொட்ட உதட்டில் ஷாக் அடிக்கும். யுஎஸ்பி கேபிள் வழியாகக் கணினியோடு இணைத்திருந்தால் கீச்சொலி வரும், கழற்றிவிடுங்கள்.

நம் தீவில் பிரிட்டிஷ் மூன்று முள் சாக்கெட்டும் ஐரோப்பிய இரண்டு முள் பிளக்கும் கலந்து கிடக்கின்றன. இரண்டு முள் பிளக்கை மூன்று துளைச் சாக்கெட்டில் திணிப்பது வழக்கமாகிவிட்டது. அது தளர்வாக நிற்கும். டிரம் அதிர்வில் ஒரு கணம் தொடர்பு அறுந்தால் சாதாரண பெடல் உடனே எழுந்துவிடும், மாடலர் மறுபடி பூட் ஆக வேண்டும், அதுவரை பேஸ் இல்லை. சரியான அடாப்டரோடு செருகி, கேபிளை மேடையில் டேப்பால் ஒட்டுங்கள். ஜெனரேட்டரில் ஓடும் நிகழ்ச்சிகளுக்கு ஒரு சிறு யுபிஎஸ் எடுத்துப்போவது வீண் செலவல்ல.

மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்டேஜ், ஆம்பியர், முனையின் பிளஸ் மைனஸ் மூன்றும் பொருந்த வேண்டும். எச்எக்ஸ் ஸ்டாம்ப் 9 வோல்டில் 3 ஆம்பியர் கேட்கும். சாதாரண பெடல் அடாப்டர் அதற்குப் போதாது.

உப்புக்காற்றும் ஈரமும் பெட்டியைக் கெடுக்குமா?

ஜாக்கைக் கெடுக்கும். கடற்கரை நிகழ்ச்சி முடிந்ததும் கேபிள் முனைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். மாதம் ஒருமுறை கான்டாக்ட் கிளீனர் தெளித்துப் பத்து முறை செருகி எடுங்கள். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், கியூர்பிப் பக்கம் வீடு என்றால் இரண்டாக. வெயிலில் நிறுத்திய காரில் பெட்டியை விட்டுவிடாதீர்கள்.

நிகழ்ச்சி நடுவில் மாடலர் நின்றுவிட்டால்?

பையில் எப்போதும் ஒரு டிஐ பெட்டி. பேஸிலிருந்து மாடலருக்குப் போகும் கேபிளைப் பிடுங்கி டிஐயில் செருகி, அங்கிருந்து எக்ஸ்எல்ஆரை மிக்சருக்கு விட்டால் அரை நிமிடத்தில் ஒலி வந்துவிடும். இந்த மாற்றத்தை ஒத்திகையில் ஒருமுறை செய்து பாருங்கள். சவுண்ட் என்ஜினியரிடமும் முன்பே சொல்லிவையுங்கள், அவர் கெயினை ஏற்ற வேண்டியிருக்கும். நிகழ்ச்சி உள்ள வாரத்தில் மாடலரின் ஃபர்ம்வேரை (உள் மென்பொருளை) புதுப்பிக்காதீர்கள். புதுப்பிக்கும் முன் பிரீசெட்டுகளைக் கணினியில் நகலெடுத்து, இன்னொரு நகலை யுஎஸ்பி குச்சியில் பைக்குள் போட்டு வையுங்கள்.